மொட்டை மாடியில் வட்டமிட்ட ட்ரோன்

மன்னார்குடியில் கல்யாண வீடுகளுக்குப் புகைப்படமும் வீடியோவும் எடுத்து ஜீவனம் நடத்திவரும் என் தமக்கையின் மகன், மாசி மாதத்து முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன்னால் தன்னுடைய ட்ரோனை ஒருமுறை சரிபார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று கருதி, ஒரு நாள் காலையில் தன் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அதைக் கிளப்பினான். விருந்தாளியாகச் சென்றிருந்த நானும் மாடிப்படியின் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தடி உயரம் எழும்பி, கட்டிவைத்த விளக்கைப்போல் சிறிது நேரம் அசையாமல் நின்ற அந்தக் கருவி, பிறகு மெல்லப் பக்கவாட்டில் நகர ஆரம்பித்தது. நகர்வு வளைவாயிற்று, வளைவு வட்டமாயிற்று, ஒவ்வொரு வட்டமும் முந்தியதைவிடப் பெரிதாயிற்று. மூன்றாவது சுற்றில் அடுத்த வீட்டுத் தென்னை மட்டையை உரசிவிடும் தூரத்துக்கு அது வந்தபோது அவன் எப்படியோ அதைத் தரையில் இறக்கிவிட்டான். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "மாமா, இது நான் சொல்ற பேச்சையே கேக்க மாட்டேங்குது. மோட்டார்லதான் ஏதோ கோளாறு" என்றான்.

அவன் சொன்ன இரண்டு வாக்கியங்களும் உண்மைக்கு மாறானவை என்பதை அன்று மாலைக்குள் இருவருமே தெரிந்துகொண்டோம். ட்ரோன் அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ரிமோட்டின் குச்சிகளிலிருந்து கையை எடுத்தால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்டிருக்கும் கட்டளை; அந்தக் கட்டளையை நிறைவேற்றும் பிரயத்தனத்தில்தான் அது வட்டமிட்டது. மோட்டார்கள் நான்கும் பழுதற்றவை. அதன் புலன்களில் ஒன்று அதற்குப் பிழையான செய்தியைச் சொல்லிற்று. சொல்லப்பட்டதை நம்பி, நம்பியபடியே அது நடந்துகொண்டது. தறிகெட்டுப் பறக்கும் ட்ரோன்களில் பலவற்றின் வரலாறு இதுதான். ஊருக்கு ஊர் ஹெலிகேம் என்ற பெயரில் ட்ரோன் வைத்திருக்கும் இளைஞர்கள் கடன் வாங்கி இந்தக் கருவிகளை வாங்குகிறார்கள். ஒருநாள் அது முரண்டு பிடித்தால் பழுதுபார்க்கும் கடைக்கு எடுத்துச் சென்று, தேவையில்லாத உறுப்புகளுக்கெல்லாம் பணம் கொடுக்கிறார்கள். அவர்களுக்கு இந்த விஷயம் விளங்க வேண்டும் என்ற ஆவலால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான்கு இறக்கை விசிறிகளைக் கொண்ட இந்த யந்திரத்துக்கு இயற்கையான ஸ்திரத்தன்மை என்பது கிடையாது. இறக்கை விரித்த விமானம் எஞ்சின் நின்றாலும் சிறிது தூரம் சறுக்கிக்கொண்டு வரும். காற்றாடிக்கு வாலும் நூலும் உண்டு. இதற்கோ இரண்டும் இல்லை. கணப்பொழுது கவனிக்காமல் விட்டாலும் குப்புறக் கவிழ்ந்துவிடும். நான்கு விசிறிகளில் குறுக்கு மூலைகளிலுள்ள இரண்டு வலஞ்சுழியாகவும், மற்ற இரண்டு இடஞ்சுழியாகவும் சுற்றுவதால், ஒரு ஜோடி உடலைத் திருப்ப முயலும் வேகத்தை மறு ஜோடி ஈடுசெய்துவிடுகிறது. பின்னாலுள்ள இரண்டும் சற்று வேகம் கூடினால் மூக்கு தாழ்ந்து கருவி முன்னே செல்கிறது. ஒரு ஜோடி வேகம் கூடி மறு ஜோடி குறைந்தால் நின்ற இடத்திலேயே திரும்புகிறது. சுக்கானும் இல்லை, வாலும் இல்லை. எல்லாக் காரியமும் நான்கு வேகங்களின் ஏற்றத்தாழ்வினாலேயே நடைபெறுகிறது.

1907-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்தில் டூவே என்ற ஊரில் பிரெகே சகோதரர்கள் நான்கு சுழலிகள் கொண்ட ஒரு பெரிய யந்திரத்தை ஓர் ஆளோடு தரையினின்றும் எழுப்பினார்கள். ஆனால் அது கவிழ்ந்துவிடாதிருக்க நான்கு மூலைகளிலும் நான்கு மனிதர்கள் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. இன்று அந்த நான்கு மனிதர்களின் வேலையைச் செய்வது நகக்கண் அளவுள்ள கணிப்பான். அது பின்பற்றும் விதியின் மூலத்தை 1922-இல் நிக்கலாய் மினோர்ஸ்கி என்ற பொறியாளர், கப்பலில் சுக்கான் பிடிப்பவன் எவ்வாறு கையை அசைக்கிறான் என்பதைக் கூர்ந்து கவனித்து எழுதிவைத்தார். அனுபவமுள்ள சுக்கானியின் கை, கப்பல் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து அசைவதில்லை. எவ்வளவு வேகமாக விலகிவருகிறது, எவ்வளவு நேரமாக விலகியே இருக்கிறது என்ற இரண்டையும் சேர்த்தே கணக்கிடுகிறது. தலையில் கரகம் வைத்து ஆடுகிறவளும் இதைத்தான் செய்கிறாள். குடம் சாய்ந்த பிறகு தாங்குவதில்லை, சாயத் தொடங்கும் வேகத்தை உணர்ந்து கழுத்தைத் திருத்திவிடுகிறாள். இவ்வாறு அசைவறியும் சில்லுகள் கைப்பேசிகளின் பொருட்டு மலிந்த பிறகு, 2010-இலிருந்து சாமானியர் வாங்கும் ட்ரோன்கள் கடைக்கு வரத் தொடங்கின.

ஆகவே ட்ரோன் என்பது ஒரு புலனுயிரி என்று கொள்வதே பொருந்தும். உடல் திரும்பும் வேகத்தை உணர்த்துவது கைரோ. சாய்வையும் குலுக்கலையும் உணர்த்துவது முடுக்கமானி. காற்றழுத்தத்தைக் கொண்டு உயரத்தைச் சொல்வது பாரமானி. வடக்கு எது என்று சொல்வது காம்பஸ் எனப்படும் காந்தத் திசைகாட்டி. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒலிபரப்பும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இருக்குமிடத்தைச் சொல்கின்றன. வயிற்றின் அடியிலுள்ள சிறு காமிரா தரை நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் தருக்க சாஸ்திரக்காரர்கள் வகுத்த அறிவின் வாயில்களில், நேரே உணரும் பிரத்தியட்சம், ஊகித்தறியும் அனுமானம், ஆப்தன் என்னும் நம்பத்தகுந்தவனின் வாக்கியமாகிய சப்தம் என்ற மூன்றும் அடங்கும். கைரோவும் முடுக்கமானியும் சொல்வது கருவி தன் உடம்பிலேயே உணரும் பிரத்தியட்சம். காம்பஸும் செயற்கைக்கோளும் சொல்வது வெளியிலிருந்து வரும் ஆப்தவாக்கியம். இவற்றைச் சீர்தூக்கி நிமிஷத்துக்குப் பல்லாயிரம் முறை கணிப்பான் செய்வது அனுமானம். ஆப்தன் என்று நம்பப்பட்டவன் பிசகினால் அனுமானம் முழுவதும் பிசகிவிடும்.

மொட்டை மாடியில் நிகழ்ந்தது அதுவே. காற்று ட்ரோனை இரண்டடி கிழக்கே தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். செயற்கைக்கோள்களின் வாயிலாக அது தன் நிலையை அறிந்து, மேற்கே திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கிறது. ஆனால் மேற்கு எந்தப் பக்கம்? மூக்கு வடக்கே நோக்கியிருந்தால் மேற்கு அதற்கு இடப்பக்கம். மூக்கு கிழக்கே நோக்கியிருந்தால் பின்பக்கம். அந்தரத்தில் அசையாது நிற்கும் பொருளுக்கு, தன் மூக்கு எங்கே நோக்கியிருக்கிறது என்பதைச் செயற்கைக்கோள் சொல்லாது. காம்பஸ்தான் சொல்ல வேண்டும். அது கால் வட்ட அளவு பிசகாகச் சொன்னால், மேற்கே போக எண்ணிய ட்ரோன் தெற்கே போகும்; தெற்கே வந்துவிட்டோம் என்று அறிந்து வடக்கே திரும்ப எண்ணினால் மேற்கே போகும்; மேற்கிலிருந்து கிழக்கே திரும்ப எண்ணினால் வடக்கே போகும். இப்படி, திரும்பிவர வேண்டும் என்ற ஒரே எண்ணத்துடன் அது வட்டம் போட்டுக்கொண்டேயிருக்கும். பிழை சிறிதாயின் சற்று வளைந்தேனும் தன் இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கால் வட்டத்தைக் கடந்துவிட்டாலோ, திரும்ப முயலுந்தோறும் விலகிப்போகும். பிழை அரை வட்டமாகிவிட்டால், வீட்டுக்கு வர வேண்டும் என்ற தவிப்பிலேயே நேர் எதிர்த்திசையில் முழு வேகத்தோடு ஓடும். 'கையைவிட்டு ஓடிப்போய்விட்டது' என்று சொல்லப்படும் ட்ரோன்களில் சிலவற்றின் கதி இதுதான்.

காம்பஸ் ஏன் பிசகிற்று? பூமியின் காந்தப்புலம் மிகவும் நலிந்த ஒன்று. நம் பிரதேசத்தில் அது ஏறக்குறைய 40 மைக்ரோடெஸ்லா. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் விளையாட்டுக் காந்தத்தின் அருகே இருப்பது அதைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்டது. அந்த மெல்லிய குரலைக் கேட்டுத்தான் ட்ரோன் திசையறிய வேண்டும். மொட்டை மாடித் தளத்தினுள்ளே ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கட்டப்பட்ட இரும்புக் கம்பிகள் ஓடுகின்றன. அவற்றின் மேல் ட்ரோனை வைத்து ஸ்விட்சைப் போட்டால் அது கண்டறியும் வடக்கு பூமியின் வடக்கன்று, கம்பிகளின் வடக்கு. மேலே எழும்பியதும் கம்பிகளின் ஆதிக்கம் வெகு விரைவில் குறைந்து உண்மையான வடக்கு தென்படத் தொடங்குகிறது. ஆனால் உடம்பு திரும்பவேயில்லை என்று கைரோ சாட்சி சொல்கிறது, திரும்பிவிட்டது என்று காம்பஸ் சொல்கிறது. இந்த விவாதம் தீர்வதற்குள் ட்ரோன் தென்னை மரத்தருகே போய்விடுகிறது. மோட்டார் சைக்கிள், காரின் மேற்கூரை, பாலத்தின் கைப்பிடி, மைதானத்து ஒலிபெருக்கி, பைக்குள் காந்த மூடியிட்ட கைப்பேசி உறை ஆகிய யாவும் இந்த வகையில் குற்றவாளிகளே.

கிளம்புவதற்கு முன் கைப்பேசித் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றியதாகவும், அவசரத்தில் அதை விரலால் தள்ளிவிட்டதாகவும் அவன் பிற்பாடு சொன்னான். அதைவிடப் பெரிய பிழையை அவன் அடுத்தபடி செய்தான். காம்பஸ் காலிபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தபடியால், அதே மாடியில் நின்றுகொண்டு ட்ரோனைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் சுற்றிச் சுற்றிக் காலிபரேஷனைச் செய்து முடித்தான். காலிபரேஷன் என்பது என்ன? ட்ரோனின் சொந்த உடம்பிலுள்ள திருகாணிகளும் கம்பிகளும் எவ்வளவு காந்தத்தை உண்டாக்குகின்றன என்று கணக்கிட்டு, இனிமேல் அதைக் கழித்துவிடு என்று அதற்குக் கற்பிப்பது. சுற்றிலும் இரும்பு இருக்கும் இடத்தில் அதைச் செய்தால், தளத்தின் இரும்பையும் தன் உடம்பின் பகுதியென்று அது கற்றுக்கொண்டுவிடும்; பிறகு எந்த வெட்டவெளிக்கு எடுத்துச் சென்றாலும் அந்த இல்லாத இரும்பைக் கழித்துக்கொண்டேயிருக்கும். அன்று பகலில் ஊருக்கு வெளியே அறுவடை முடிந்திருந்த வயலொன்றுக்கு நாங்கள் சென்று கிளப்பியபோது, மாடியில் இருந்ததைக் காட்டிலும் மோசமாக அது சுழன்றதற்குக் காரணம் இதுவே. ஒழுங்காகப் பறந்துகொண்டிருக்கும் ட்ரோனுக்குப் பறக்கும் ஒவ்வொரு முறையும் காலிபரேஷன் செய்யும் வழக்கத்தைச் சிலர் கைக்கொண்டிருக்கிறார்கள். கேட்டால் ஜாக்கிரதை என்பார்கள். பிழை நுழைவதற்கு அவ்வளவு தடவை கதவைத் திறந்துவைப்பது அது.

அந்த வயலின் ஓரத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு, கண்ட உறுப்பையெல்லாம் மாற்றுவதற்கு முன் நோயை அதன் நடையினின்று அறிய வேண்டும் என்று நான் அவனிடம் சொன்னேன். அதற்கு ஒரு பரீட்சை உண்டு. செலவில்லாதது, ஐந்து நிமிஷத்தில் முடிவது. விசாலமான இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ட்ரோனை நிறுத்திவிட்டு, குச்சிகளை விட்டுவிட்டு, அது எப்பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு மூக்கை மட்டும் கால் வட்டம் திருப்பி மறுபடியும் பார்க்க வேண்டும். மூக்கு எப்பக்கம் திரும்பினாலும் அது எப்போதும் மேற்கு நோக்கியே நகர்கிறதென்றால் காரணம் வெளியே இருக்கிறது: காற்று, அல்லது செயற்கைக்கோள்கள் போதாமை. மூக்கு எப்பக்கம் திரும்பினாலும் அது எப்போதும் தன்னுடைய இடப்பக்கமாகவே நகர்கிறதென்றால் காரணம் அதன் உடம்பிலோ ரிமோட்டிலோ இருக்கிறது. இரண்டுமில்லாமல் வளைந்து வட்டமிடுகிறதென்றால் காம்பஸைச் சந்தேகிக்க வேண்டும். எத்தனையோ பேர் மாதக்கணக்காக அலைந்தும் காணாத விடையை இந்த ஒரு திருப்பம் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

உடம்பின் குற்றம் என்று தெரிந்தால் முதலில் பார்க்க வேண்டியது விசிறி இறக்கைகளை. நகத்தை இறக்கையின் விளிம்பில் ஓட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் தட்டுப்படும். மயிரிழை போன்ற அந்த வெடிப்போ, முனையில் ஒரு சிறு மடிப்போ, நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும்போது உடம்பு முழுவதையும் அதிரவைக்கும். அதிர்வையும் அசைவையும் முடுக்கமானியால் முற்றிலும் பிரித்தறிய முடியாதாகையால் அது தன் சாய்வைத் தப்பாகக் கணக்கிடும். இந்த நோய்க்கு ஒரு முன்னறிகுறி உண்டு: எடுத்த வீடியோவில் நேரான தூண்களும் மதில்களும் பாகு அசைவதைப்போல் நெளிந்து காணப்படும். அதைக் கண்ட அன்றே இறக்கையை மாற்றிவிடுகிறவன் ட்ரோனைக் காப்பாற்றிக்கொள்கிறான். தரையை விட்டு எழும்பும் அக்கணத்திலேயே ஒரு பக்கமாகக் கவிழ்கிறதென்றால், வலஞ்சுழி இறக்கையை இடஞ்சுழி மோட்டாரில் பொருத்திவிட்டோம் என்பது ஏறக்குறைய நிச்சயம். இறக்கையிலும் மோட்டாரிலும் போட்டிருக்கும் அடையாளங்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்தால் போதும். கையை எடுத்த பின்னும் நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பிக்கொண்டிருக்கிறதென்றால், மடக்கும் கைகளில் ஒன்று முழுவதும் விரியவில்லை, அல்லது விழுந்ததில் ஒரு மோட்டார் சற்றே சாய்ந்திருக்கிறது. மோட்டாரைச் சோதிப்பதற்கு விரலே போதும்: பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் மெதுவாகச் சுழற்றினால், நான்கும் ஒரே விதமாக ஓடி நிற்க வேண்டும், ஒன்றில் மட்டும் நறநறப்பு கேட்டால் மணல் புகுந்திருக்கிறது. கடற்கரையில் படம் எடுத்துப் பழகியவர்களின் கருவிகளில் உப்புக்காற்று செய்யும் அரிப்பும் இவ்விதமே வெளிப்படும். பறந்து இறங்கிய உடனே நான்கையும் தொட்டுப் பார்த்து, மற்றவற்றைவிட அதிகமாகச் சுடும் மோட்டாரைக் குறித்துக்கொள்வதும் நல்ல வழக்கம்.

இறக்கைகளும் மோட்டார்களும் நன்றாக இருந்தும் ஒரே பக்கமாகச் சறுக்குமானால், சமதளம் எது என்பதையே கருவி மறந்துவிட்டது என்று கொள்ளலாம். கைரோவினுள் கண்ணுக்குப் புலப்படாத ஒரு சிலிக்கன் நாக்கு இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கிறது. உடம்பு திரும்பும்போது அந்த அதிர்வு, 1835-இல் கோரியோலிஸ் விவரித்த விசையினால், சற்றே பக்கவாட்டில் விலகுகிறது. அந்த விலகலை அளந்துதான் திரும்பும் வேகம் அறியப்படுகிறது. இவ்வளவு நுண்ணிய உறுப்பு வெப்பத்துக்கு ஆட்படாமல் இராது. வெயிலில் நிறுத்திய காருக்குள் இருந்த ட்ரோனை எடுத்து அக்கணமே பறக்கவிட்டால் அது தள்ளாடுவதற்கு இதுவே காரணம். நிழலில் ஆறவிட்டு, சமமான பலகையில் வைத்து ஸ்விட்சைப் போட்டு, அரை நிமிஷம் தொடாமல் இருந்தால் பல சமயங்களில் தானே சரியாகிவிடும். இல்லாவிட்டால் உணரிகளுக்கு உரிய காலிபரேஷனைச் செய்யலாம். ரிமோட்டின் குச்சியும் தேய்மானத்தினால், விட்ட பின்னும் நடுநிலைக்கு வராமல் ஒரு மயிரளவு சாய்ந்து நிற்பதுண்டு. அதனால் ட்ரோன் நகர்ந்தால் அது நாமே அறியாமல் இட்ட கட்டளை. அதைக் கீழ்ப்படியாமை என்று சொல்வது நியாயமாகாது.

உயரம் நிலைக்காத ட்ரோன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில் ஏறக்குறைய எட்டரை மீட்டர் மேலே போனால் காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைகிறது. 1648-இல் பாஸ்கலின் மைத்துனர் பாதரசக் குழாயைத் தூக்கிக்கொண்டு மலையேறிக் கண்ட அதே விதியைக்கொண்டு ட்ரோன் தன் உயரத்தை ஓரடிக்கும் குறைவான நுட்பத்தோடு அறிகிறது. ஆகையினால் பலத்த காற்று பாரமானியின் துளையில் மோதினாலும் அது ஏமாந்துபோகும். உயரத்திலிருந்து நேர்க்கீழாக வேகமாக இறக்கினால் உடம்பு உதறிக்கொள்வது வேறு காரணத்தினால்: தான் கீழே தள்ளிய காற்றின் சுழலுக்குள்ளேயே தான் இறங்குகிறது. அப்போது பயந்து மேலே தூக்க முயல்வதைக் காட்டிலும், சற்று முன்னே தள்ளி அந்தச் சுழலினின்றும் வெளியே வந்துவிடுவதே தகுந்த பரிகாரம். உதகமண்டலத்தில் படம் எடுக்கப் போகிறவர்கள் இன்னொன்றை நினைவில் வைக்க வேண்டும். 2,200 மீட்டருக்கு மேற்பட்ட அந்த உயரத்தில் காற்று ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்திருக்கிறது; அதே எடையைத் தூக்க இறக்கைகள் அதிக வேகமாகச் சுற்ற வேண்டும்; அதோடு பனிக்காலைக் குளிரில் பேட்டரியும் தன் முழு வலிமையைத் தருவதில்லை.

பேட்டரியைப் பற்றி நான் சற்றுக் கண்டிப்பாகவே பேசுவேன். லித்தியம் பாலிமர் அறையொன்று முழுவதும் நிரம்பியிருக்கையில் 4.2 வோல்ட்டும், சராசரியாக 3.7 வோல்ட்டும் தரும்; 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கினால் நிரந்தரமாகக் கெடும். பழைய பேட்டரி, சும்மா இருக்கையில் நிறைந்திருப்பதாகவே காட்டும்; எதிர்காற்றில் நான்கு மோட்டார்களும் ஒருங்கே பலத்தைக் கேட்கும்போது அதன் வோல்ட் திடீரென்று சரியும்; கணிப்பான் வேறு வழியின்றி வேகத்தைக் குறைக்கும்; எத்தனை மேலே தூக்கினாலும் ட்ரோன் கீழேயே இறங்கும். இதைக் கண்டுதான் பலர் மோட்டார் போய்விட்டது என்று எண்ணுகிறார்கள். உப்பிய பேட்டரியை, இந்த ஒரு கல்யாணம் மட்டும் ஓடட்டும் என்று சொருகுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பந்தலுக்கு மேலே, குழந்தைகளின் தலைக்கு மேலே, அதைப் பறக்கவிடுகிறார்கள். வேண்டாம். உப்பியதை ஒதுக்கிவிடுங்கள். பல நாள் வைத்திருக்கப்போகும் பேட்டரியை முழுவதும் ஏற்றியோ முழுவதும் வற்றவிட்டோ வைக்காமல், பாதியளவு ஏற்றி வைத்தால் அது உப்புவதே வெகுவாகக் குறையும்.

ரிமோட்டுக்கும் ட்ரோனுக்கும் உள்ள பேச்சு பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நடைபெறுகிறது. கல்யாண மண்டபத்து வைஃபையும், நூற்றுக்கணக்கான கைப்பேசிகளின் புளூடூத்தும் அதே வரிசையில்தான் பேசிக்கொண்டிருக்கின்றன. சந்தையிரைச்சலில் ஒருவர் குரல் கேட்காமற்போவது போலப் படம் திரையில் உறைந்து நிற்பதும், கட்டளை தாமதித்துச் சேருவதும் இதனால் விளைபவை, கருவியில் 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாறும் வசதி இருந்தால் மாற்றிப் பார்க்கலாம். ஆன்டெனாவின் நுனியை ட்ரோனை நோக்கிச் சுட்டுவிரல்போல் நீட்டுவது பெருவழக்காக இருக்கிறது. அலை மிகவும் பலவீனமாக வெளிப்படுவது நுனியின் திசையில்தான், ஆகவே ஆன்டெனாவின் பக்கவாட்டையே ட்ரோனுக்குக் காட்ட வேண்டும். பேச்சு அறுந்துபோனால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பும். ஆனால் கிளம்பிய இடம் எது என்று அது குறித்துக்கொள்வது போதிய செயற்கைக்கோள்களைக் கண்ட பிறகே. அதற்கு முன் அவசரப்பட்டுக் கிளப்பினால் திரும்புவதற்கு அதற்கு ஓர் இடம் இராது. திரும்பும் உயரத்தையும் சுற்றுப்புறத்துத் தென்னைகளுக்கும் கைப்பேசிக் கோபுரங்களுக்கும் மேலாக நாமே குறித்துவைக்க வேண்டும்.

தெப்பக்குளத்தின் மேல் தாழப் பறக்கவிட்டால் ட்ரோன் அலையோடு நகர்வதுண்டு. அடியிலுள்ள காமிரா நீரின் அசைவைத் தன் அசைவென்று எண்ணிவிடுகிறது. இருட்டிலும், கோடும் புள்ளியும் இல்லாத பளிங்குத் தரைமீதும் அந்தக் கண் பயன்படாது. மண்டபத்தின் கூரைக்குள் செயற்கைக்கோளும் தெரியாது. அங்கே பறக்கவிடுவது துணிச்சலைச் சேர்ந்த விஷயம், நான் அதை ஆமோதிப்பதில்லை.

தமிழ்நாடு இருக்கும் இடத்தால் விளையும் ஒரு விசேஷமும் இதில் கலந்திருக்கிறது. பூமியின் காந்த மத்தியரேகை நம் தேசத்தின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. அதன் காரணமாகவே கேரளத்திலுள்ள தும்பா கடற்கரையைத் தெரிந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட்டை ஏவினார்கள். திருநெல்வேலியிலும் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகமொன்று இருக்கிறது. மத்தியரேகைக்கு அருகே காந்தப்புலம் தரைக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருப்பதால், புலம் தரைக்குள் செங்குத்தாகப் பாயும் வடதேசங்களைவிட நம் ஊரில் காம்பஸுக்கு வடக்கைக் கண்டுகொள்வது சுலபம். காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேற்றுமையும் இங்கே ஓரிரண்டு பாகைகளுக்குள் அடங்கும். ஆனால் அதே ரேகையின் இருமருங்கிலும், சூரியன் அஸ்தமித்த பின் அயனமண்டலத்தில் மின்னணுக்கள் கொந்தளித்துக் குமிழியிடுவது உண்டு. சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்த வருஷங்களில், முக்கியமாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டி, அக்கொந்தளிப்பைக் கடந்துவரும் செயற்கைக்கோள் சமிக்ஞை நட்சத்திரம் மினுக்குவதைப்போல் மினுக்கும். பகலில் கல்தூண்போல் நின்ற ட்ரோன் முன்னிரவு வரவேற்பில் இடம் பெயர்ந்து பெயர்ந்து நின்றால், கருவியை நொந்துகொள்ளுமுன் திரையில் செயற்கைக்கோள்களின் எண்ணிக்கையைப் பார்ப்பது நலம்.

இவ்வளவையும் வேப்பமரத்தடியில் பேசி முடித்தபோது வெயில் தாழ்ந்துவிட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதைக் குறித்துவைப்பது, முகூர்த்த நாளன்று காலையில் மென்பொருள் அப்டேட் எதையும் செய்யாதிருப்பது ஆகிய மூன்றுக்கும் அவன் உடன்பட்டான். 2021 ஆகஸ்டு மாதத்து ட்ரோன் விதிகளின்படி அந்த வயல் பறக்கவிடத் தடையில்லாத பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளை ஐம்பது அடிக்கு அப்பால் நிறுத்திவிட்டு, சாவிக்கொத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி என்னிடம் கொடுத்தான். வயலின் வரப்பு நேர்கிழக்காக ஓடியது. ட்ரோனின் மூக்கை வரப்பை ஒட்டிக் கிழக்கே நோக்க வைத்தபோது, திரையின் வரைபடத்தில் அதன் அம்பு தெற்கை ஒட்டிச் சாய்ந்து நின்றது. பகல் முழுவதும் அது நம்பிக்கொண்டிருந்த பொய் எங்கள் கண்ணுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவன் அதைக் கையிலேந்தி, கிடைமட்டமாக ஒரு சுற்றும் செங்குத்தாக ஒரு சுற்றும் நிதானமாகச் சுற்றி, மறுபடியும் வரப்போரம் வைத்தான். அம்பு வரப்போடு ஒட்டிக் கிழக்கே நோக்கியது. கிளப்பினான். பத்தடி உயரத்தில் நின்றது. மூக்கைக் கால் வட்டம் திருப்பினான், நின்றது. இன்னொரு கால் வட்டம், நின்றது.

மறுவாரம் கல்யாண வீட்டில் பெண்ணின் தகப்பனார், "தம்பி, மாடிக்குப் போயிடுங்க, அங்கேயிருந்து விட்டா நல்லா வரும்" என்று படிக்கட்டைக் காட்டினாராம். இவன் மரியாதையாக மறுத்துவிட்டு, ட்ரோன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருக்கோடியிலிருந்த திடல்வரைக்கும் நடந்து போய், அங்கிருந்து கிளப்பினான்.